பத்தி எரியும் தோட்டம்

அனுமந்தன்பட்டி வாய்க்காலின் இரு கரையிலும் வாழைத்தோட்டங்கள். நாட்டில் எங்கெங்கே என்ன விளைகிறது என்று வரைபடம் போடும் அலுவலகத்திலிருந்து வந்த ஓவியா, சாட்டிலைட் படத்தை விரித்ததும் இக்கரைத் தோட்டக்காரர் முத்துக்கருப்பன் பிடுங்கிப் பார்த்தார். அவர் பக்கம் இளம்பச்சை. எதிர்க்கரை முழுக்க ரத்தச் சிவப்பு.

"ஏலே பிலவேந்திரா! ஒன் தோட்டம் பத்தி எரியுதுலே!" வாய்க்காலைத் தாண்டிக் கத்தினார். "என் தண்ணிய மடை திருப்பிக் களவாண்டியே, வெளங்குமா?"

"எவன்டா களவாண்டான்? வாய ஒடச்சிருவேன்!" பிலவேந்திரன் மண்வெட்டியை ஓங்கினார்.

"என்னய ஏன்டா அடிக்கிற? சாட்டிலைட்ட அடிலே! மேல இருந்து பாக்குறது பொய் சொல்லாது. ஆத்தா, அவன் தோட்டத்தத் தரிசுன்னு எழுதிக்க."

ஓவியா தயங்கினாள்.

"ஐயா, இந்தப் படத்துல செழிப்பான பயிருதான் செவப்பாத் தெரியும். உங்க பக்கம் பயிரு சரியா இல்ல. வெறும் மண்ணுதான் இப்படிப் பச்சையா விழுந்திருக்கு."

எதிர்க்கரையில் மண்வெட்டி கீழே விழுந்தது. பிலவேந்திரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

முத்துக்கருப்பன் படத்தைக் கசக்கி வாய்க்காலில் வீசினார்.

"அம்புட்டு ஒசரத்துல இருந்து பாத்தா அதுக்கு என்னத்தத் தெரியும்?"