ஆட்டுக்கால் சாறு

சேலம் அஸ்தம்பட்டியில் டாக்டர் சுவாமிநாதனுக்கு வைத்தியத்தைவிடச் சைவ போஜனப் பிரசங்கத்தில்தான் பேர் அதிகம். பிறந்தது முதல் கவிச்சி வாடையே அறியாதவர் என்று மேடைதோறும் அவரே சொல்லுவார்.

சித்திரையில் வாத வீக்கத்தோடு வண்டியில் வந்த சின்னண்ணக் கவுண்டரைக் கறியை அறவே நிறுத்தச் சொல்லியிருந்தார். ஆடியில் கவுண்டர் நடந்தே வந்தார். பின்னால் தூக்குப்போசியுடன் மனைவி பொன்னாத்தாள்.

"கறியை நிறுத்தின பலனைப் பார்த்தீங்களா, கவுண்டரே!"

"நிறுத்தறதாவதுங்க! தழை திங்க நானென்ன வெள்ளாடுங்களா? தெனமும் ஆட்டுக்கால் சாறுங்க. இதோ, போசியிலயும் அதானுங்க. அதுலதான் வீக்கம் வடிஞ்சுது!"

டாக்டர் காலை அமுக்கிப் பார்த்தார். வீக்கம் இல்லை. கவுண்டரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அம்மா, எனக்கும் முழங்கால் வலி. மருந்துதானே... ஒரு டம்ளர் ஊத்துங்களேன்."

பொன்னாத்தாள் ஊற்றினாள். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு குடித்து முடித்தார்.

"அவருகிட்டச் சொல்லீராதீங்க சாமி," என்றாள் அவள், மெதுவாக. "இது ஆடில்லீங்க. கொல்லிமலைக் கிழங்கு. அதும் பேரே முடவாட்டுக்கால்தானுங்க. ருசியும் அப்படியே இருக்கும். நீங்க சொன்னதுலிருந்து ஊட்டுல கறியே எடுக்கலீங்க."

டாக்டர் இத்தனை வருஷம் மேடையில் முழங்கிய சைவ போஜனத்தின் மகிமை மெய்யாகிவிட்டது. அவரோ காலி டம்ளரையே வருத்தத்தோடு பார்த்தார்.

"அதானே பார்த்தேன்! அந்த நல்லி வழவழப்பைக் காணோமேன்னு!"