பன்னிரண்டு மணிக் கோப்பு

கோப்பு மாறிப் போயிருந்தது.

ஒன்று ஐந்துக்குத்தான் அவள் அதைக் கவனித்தாள். பெயர் என்னவோ பன்னிரண்டு மணி வானிலைக் கோப்பு. உள்ளே இருந்தது காலை ஒன்பது மணி நிலவரம். காற்று இருபது கிலோமீட்டர். கடல் அமைதி.

அசல் பன்னிரண்டு மணிக் கோப்பு அவளுடைய கணினியிலேயே ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தது. அதன்படி மாலை நான்குக்கு மேல் காற்று எண்பது.



மூன்று மணி நேரத்துக்கு ஒரு கோப்பு. பெயர் வைத்து விநியோக இயந்திரத்தில் போட வேண்டியதுதான். விமான நிலையம், அணைகள், மின்நிலையங்கள், துறைமுகம் என்று நாற்பத்திரண்டு இடங்களுக்கு அதுவே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஆறு வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. இன்று பெயர் வைக்கிற நேரம் பார்த்து அவளுடைய செல்போன் அடித்தது. பேசிக்கொண்டே, திரையில் திறந்திருந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டாள்.

துறைமுகத்தில் நாற்பது மீன்பிடிப் படகுகள். இரண்டு மணிக்குக் கிளம்பும். கயிற்றை அவிழ்க்கும் முன் எல்லோரும் படகுத்துறைப் பலகையைப் பார்ப்பார்கள். கோப்பில் இருப்பதைத்தான் பலகை காட்டும்.

சரியான கோப்பை அனுப்பினாள். பச்சை விளக்கு எரிந்தது. அப்பாடா என்றிருந்தது.

துறைமுகப் பலகை அவளுடைய திரையின் மூலையில் கேமரா வழியாகத் தெரியும். பார்த்தாள். இருபது.

மறுபடி அனுப்பினாள். பச்சை. பலகையில் இருபது.

துறைமுக அலுவலகத்துக்கு போன் போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. தன் செல்போனை எடுத்து இன்னோர் எண்ணை அழுத்தினாள். அதுவும் கிடைக்கவில்லை.

மூன்றாவது முறை அனுப்பினாள். சனியன், அதே பச்சை.

ஒன்று இருபத்தைந்துக்குத்தான் மண்டையில் உறைத்தது. இந்த இயந்திரத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரே பெயரில் இரண்டாவது கோப்பு வந்தால் மரியாதையாக வாங்கிக்கொள்ளும், பச்சை காட்டும், யாருக்கும் அனுப்பாது. இது ஏற்கெனவே போய்ச் சேர்ந்ததுதானே என்று அதற்கு நினைப்பு. பெயரின் கடைசியில் ‘திருத்தம் 1’ என்று சேர்த்தால்தான் வெளியே விடும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லித் தருவது அவள்தான். இருபது நிமிடம் போய்விட்டது.

திருத்தம் என்றால் மேலதிகாரியின் கடவுச்சொல் வேண்டும்.

அவருக்கு அலுவலகத்தில் ‘பூட்டு’ என்று பெயர். வானிலையை வாயால் சொல்லக் கூடாது, கோப்பு மட்டும்தான் பேச வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியவர். துணி காயுமா என்று வீட்டில் மனைவி கேட்டால்கூடக் கோப்பைப் பார் என்பாராம். எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

பூட்டு கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்று மாடி இறங்கி ஓடினாள்.

“சார், சாப்பாட்ட விடுங்க. தப்பான கோப்பு போயிருச்சு. படகெல்லாம் கெளம்பப் போகுது!”

அவர் எச்சில் கையோடு படியேறினார். மூச்சிரைக்க நின்றுகொண்டு, இடது கை ஒற்றை விரலால் கடவுச்சொல்லைத் தட்டினார். தவறு என்றது. மறுபடி தட்டினார். தவறு. இன்னொரு தரம் தவறினால் பூட்டிக்கொள்ளும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவருடைய கையைப் பிடித்துத் தானே தட்டிவிடலாமா என்றிருந்தது. கடவுளே, கடவுளே என்று மட்டும் வாய் முணுமுணுத்தது.

ஒன்று நாற்பத்து நான்குக்குக் கோப்பு போனது.

விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. பதினேழு. முப்பது. நாற்பத்தொன்று. அங்கேயே நின்றது. பிறகு கடைசியாகத் துறைமுகம்.

பலகையில் இருபது அழிந்து எண்பது வந்தது, சிவப்பில். படகுத்துறையில் ஆட்கள் அண்ணாந்து பார்ப்பது சின்னச் சின்னதாகத் தெரிந்தது. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மேசைத் தொலைபேசி அடித்தது. துறைமுகக் குமாஸ்தா.

“மேடம், நல்ல நேரத்துல போர்டு மாறுச்சு. முப்பத்தொம்பது போட்டும் கரையிலதான் நிக்குது.”

“நாப்பதுல்ல?”

“ஒண்ணு அப்பவே போயிருச்சு மேடம், பன்னண்டேகாலுக்கு. போர்டப் பாத்துட்டுப் போப்பான்னேன். அதுக்கு அவன், எங்கக்காவே அந்த ஆபீஸ்லதான் இருக்கா, இப்பதான் போன்ல கேட்டேன், தாராளமா போன்னு சொல்லிட்டான்னு சிரிச்சுக்கிட்டே போனான். வயர்லெஸ்ல கூப்புட்டுக்கிட்டே இருக்கோம், பதில் இல்ல.”

அவள் போனை வைத்தாள். வைத்தது அவளுக்கே தெரியவில்லை.

பூட்டு கை கழுவிவிட்டு வந்தார். தவறு நடந்தால் நிரப்ப வேண்டிய படிவத்தை அவள் முன்னால் வைத்தார். அவர் திட்டவில்லை.

“தப்பான கோப்பு எத்தனை இடத்துக்குப் போச்சுன்னு கேட்டிருக்கும். நாப்பத்திரண்டுன்னு போடும்மா.”

அவள் பேனாவை எடுத்தாள். நாற்பத்து மூன்று என்று எழுதினாள்.

அடுத்த வரியில், திருத்தம் போய்ச் சேர்ந்த இடங்கள் எத்தனை என்று கேட்டிருந்தது.

நாற்பத்திரண்டு.