கோணல் வேலி

வேலியைக் கண்டதும் குணேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கிளிநொச்சியில் ஒரு செத்த வீட்டுக்குப் போனவள், ஒரு கிழமை கழித்து அன்றுதான் முந்தலுக்குத் திரும்பியிருந்தாள். போகும்போது கயிறு பிடித்து நேராகக் காட்டிய காணி, வரும்போது சரிந்து கிடக்கிறது! வீதிப் பக்கத்து மூலைகள் இரண்டும் இருந்த இடத்தில்தான். பின் எல்லை மட்டும் அப்படியே கிழக்கே நகர்ந்து போயிருந்தது. சுற்றிவரப் புதுக் கம்பி வேலி.

இடம்பெயர்ந்து வந்த அவளுக்குக் காணியை விற்றவர் பக்கத்து வீட்டு லத்தீப் நானா. சுற்றியுள்ள நிலமும் அவருடையதுதான். உறுதிப் பத்திரம் இன்னும் எழுதவில்லை.

"பாத்தியா பிள்ளை? நாங்கள் இல்லாத நேரமாப் பாத்து மனுசன் வேலையைக் காட்டிப்போட்டார்!"

"அவசரப்படாதேங்கோ அம்மா. அளந்து பாப்பம்" என்றாள் மகள் யதுர்சிகா. ஒன்பதாம் ஆண்டு படிக்கிறவள். வயதுக்கு மிஞ்சிய நிதானம்.

பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த மேசனிடம் அளவு நாடா வாங்கி வந்தார்கள். குணேஸ்வரி இந்த வேலியிலிருந்து அந்த வேலிக்குக் குறுக்கே பிடித்தாள். நாற்பது அடி.

"ஐம்பது எண்டு தந்தது நாப்பதாப் போச்சு! பத்தடியை விழுங்கியாச்சு! தொண்ணூறில மன்னாரை விட்டுத் தானும் அகதியா வந்தவர்தானே? அகதியே அகதியை ஏமாத்தினால் நான் எங்க போய்ச் சொல்லுறது?"

அடுத்த வீட்டுக் குசினிக்குக் கேட்கட்டும் என்றே கத்தினாள். கேட்டது. லத்தீப்பின் மனைவி உம்மு குல்சூம் வெளியே வந்தாள்.

"அவர் தொழப் பள்ளிக்குப் போயிருக்கார் தங்கச்சி. வரட்டும், பேசிக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றாள்.

யதுர்சிகா அதற்குள் சரிந்த வேலியையும் அளந்து முடித்திருந்தாள்.

"அம்மா, வேலி நூறடி. முந்தி எண்பதுதானே? குறுக்கே குறைஞ்சது, நீளத்தில கூடியிருக்கு. நாப்பதை நூறால பெருக்குங்கோ."

"நாலாயிரம். அதுக்கு?"

"இது இணைகரம். வீதிப் பக்கம் அடி, ஐம்பது. அதுக்கு உயரம் எண்டால் சரிஞ்ச வேலி இல்லை. வீதியிலயிருந்து பின் எல்லைக்கு நட்டுக்கு நேரா, செங்குத்தா அளக்க வேணும். இந்த நுனியைப் பிடியுங்கோ."

பிடித்தார்கள். எண்பது.

"ஐம்பதை எண்பதால பெருக்கினால்?"

குணேஸ்வரி மனதுக்குள் பெருக்கினாள். இன்னொரு முறை பெருக்கினாள்.

"அதுவும் நாலாயிரம்!"

"நேரா இருந்த காணியும் ஐம்பதுக்கு எண்பதுதான். ஒரு அடி குறையேல்லை அம்மா. துண்டு துண்டா வெட்டின பாண் ரொட்டியை அடுக்கி ஒரு பக்கமாச் சரிச்சால் துண்டு குறையுமோ?"

குணேஸ்வரிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இவ்வளவு தூரம் நகர்ந்தும் ஒரு பிடி மண் குறையாத நிலத்தை வாய் பிளந்து பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் தானும் படித்த கணக்குத்தான். அன்று அதில் ஒரு அதிசயமும் தெரியவில்லை. இன்று கும்பிட வேண்டும் போல் இருந்தது.

சைக்கிளில் லத்தீப் வந்து இறங்கினார். வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கினாலும் அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நானா, அளவு சரி. நான்தான் வாய்க்கு வந்தபடி கதைச்சிட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஆனா ஏன் சரிச்சனீங்கள்? கம்பியும் கூடப் போயிருக்குமே?"

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"வேலிக்கால் நடக்குள்ள கொஞ்சம் கோணலாப் போயிட்டு தங்கச்சி. விடுங்க."

உம்மு குல்சூமுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன கோணல்? உள்ளதச் சொல்லுங்களேன்! தங்கச்சி, உங்கட பின்பக்கம் வேலிக்கால் நடத் தோண்டினா ஊறினதெல்லாம் உப்புத் தண்ணி. நல்ல தண்ணி வரும் எண்டு வாயால சொல்லி வித்துட்டாராம், இனி அந்தக் காசு ஹறாமாப் போயிடுமாம். ரெண்டு நாள் நித்திரை இல்ல. நாங்க கிணறு வெட்ட எண்டு பாத்து வெச்சிருந்த மூலை அந்தக் கிழக்கு மூலை. அங்க மட்டுந்தான் நல்ல தண்ணி. அது உங்கட வேலிக்குள்ள வரட்டும் எண்டுதான் இவ்வளவும்!"

குணேஸ்வரி திரும்பினாள். அந்த மூலையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கண் நிரம்பி இரண்டும் மங்கலாகிப் போயின.

லத்தீப்புக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. சைக்கிளைத் திருப்பிக்கொண்டே தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"கிணறு வெட்டினதும் எங்களுக்கும் ஒரு குடம் அள்ள விடுவீங்கதானே தங்கச்சி?"