முகத்தைப் பார்த்து

“அந்தப் பொண்ணை முதல்ல நிறுத்துங்க. இல்லேன்னா இந்தக் கடைப் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டேன்!”

மூக்குக் கண்ணாடி வாங்க வந்த அம்மாளுக்குக் கோபத்தில் மூச்சு வாங்கியது.

“என்ன சொன்னா?” என்றார் மேனேஜர் மேடம்.

“‘உங்க முகம் குண்டு, இந்த ஃப்ரேம் கன்னத்துல குத்தும்’கறா. பேசறப்ப என் வாயையே வேற பாக்கறா. பல்லுல என்னமோ ஒட்டியிருக்குன்னு பயந்து நான் கண்ணாடியில போய்ப் பாத்தேன்!”

மேடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்தார். அவருக்கும் பொறுத்தது போதும் என்று ஆகிவிட்டது.

புதிதாகச் சேர்ந்த அந்தப் பெண்ணுக்குக் கடையில் ‘டார்ச்’ என்று பட்டப்பெயர். யார் பேசினாலும் முகத்தில் வெளிச்சம் அடிக்கிற மாதிரி பார்ப்பாள். ஆளைக் கூப்பிட வேண்டுமென்றால் தோளில் தட்டுவாள். இல்லையென்றால் மேஜையில் தட்டுவாள். நேற்று தட்டின தட்டில், லென்ஸ் பொருத்துகிறவர் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டார்.

“எத்தனை தடவை சொல்றது? எதையும் இதமா சொல்லணும். பட்டுனு போட்டு உடைக்கக் கூடாது. உங்க வீட்ல உனக்கு ஒண்ணும் சொல்லித் தரலையா?”

“தந்தாங்க மேடம்.” மறுபடியும் அதே பார்வை.

“நல்லா தந்தாங்க! நாளையிலேருந்து வர வேணாம்.”

அவள் தலையை ஆட்டினாள். கண் மட்டும் கலங்கியது.

சாயங்காலம் மேடத்தின் மேஜை முன்னால் இரண்டு பேரோடு வந்து நின்றாள்.

“மேடம், எங்க அப்பா, அம்மா. வேலை குடுத்ததுக்கு உங்களைப் பாத்து நன்றி சொல்லணும்னு அவங்களாவே வந்துட்டாங்க. விஷயம் இன்னும் தெரியாது...”

மேடம் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நேரில் வந்ததும் நல்லதாய்ப் போயிற்று என்று ஆரம்பித்தார்.

“உங்க பொண்ணுக்கு மரியாதைன்னா என்னன்னே தெரியலை. ஆளை முறைக்கறா. தொட்டுத் தொட்டுக் கூப்பிடறா. வாயில வந்ததைச் சொல்றா. வளர்த்த லட்சணம் அப்படி!”

கீபோர்டைத் தட்டிக்கொண்டே தொடர்ந்தார்.

“இவ்வளவு சொல்றேன், ஒரு வார்த்தை பேசறாங்களா பாரு!”

நிமிர்ந்தார்.

அந்த அம்மாவின் கைகள் மகளைப் பார்த்து வேகமாக அசைந்துகொண்டிருந்தன. அப்பா மேடத்தின் உதட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு பேருக்கும் காது கேக்காது மேடம். பிறந்ததுலேருந்தே.”

மேடத்தின் குரல் இறங்கியது. “ஏம்மா... இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?”

“பாவம் பாத்து வேலை குடுத்த மாதிரி ஆயிடுமேன்னுதான். எங்க வீட்ல, பேசறவங்க முகத்தைப் பாக்கலேன்னா ‘உன் பேச்சே வேணாம் போ’ன்னு அர்த்தம். கத்திக் கூப்பிட்டாலும் கேக்காது, தட்டித்தான் ஆகணும். கையால பேசறப்ப குண்டா இருந்தா குண்டுன்னுதான் காட்டுவோம். யாரும் கோச்சுக்க மாட்டாங்க. அப்படியே பழகிட்டேன்.”

அம்மா மகளின் தோளைத் தட்டினாள். மேடம் இவ்வளவு நேரம் என்னதான் சொன்னார் என்று அவள் கை கேட்டது.

பெண் கொஞ்சம் தயங்கினாள். பிறகு அவள் விரல்கள் அசைந்தன.

அம்மாவின் முகம் மலர்ந்தது. அப்பா அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருவரும் மேடத்தைப் பார்த்துக் கை கூப்பினார்கள்.

“என்னம்மா சொன்னே?”

“‘பொண்ணை நல்லா வளர்த்திருக்கீங்க, எல்லார்கிட்டயும் மரியாதையா நடந்துக்கறா’ன்னு நீங்க சொன்னதா சொன்னேன். பொய்தான் மேடம். எதையும் இதமா சொல்லணும்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க? வேலை போனதை வீட்டுக்குப் போய் நானே மெதுவா சொல்லிக்கறேன்.”

மேடம் எழுந்து வந்தார். அந்தத் தாயின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். உதடு நன்றாகத் தெரியும்படி நிறுத்தி நிதானமாகச் சொன்னார்:

“உங்க பொண்ணு சொன்னது அத்தனையும் நிஜம். நாளைக்கும் அனுப்பி வைங்க.”