நாலு பேருக்கு ஒரு கார்டு

அக்டோபர் 12, சனிக்கிழமை. போன ஆட்டத்தின் மூன்றாவது கோல் 61-ஆம் நிமிடத்தில் விழுந்ததாக எழுதியிருக்கிறேன். தவறு. 62. திருத்திவிட்டேன்.

இதை எழுதி, அடிக்கோடு போட்டு, நோட்டைப் பைக்குள் வைத்த பிறகுதான் அவள் வீட்டை விட்டுக் கிளம்பினாள். ஏசி மெக்கானிக் மாலை வகுப்பில் அவளுக்கு ரிஜிஸ்டர் என்று பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை.

இன்று அவள் முறை.

ஒரே ஒரு கால்பந்து ஆட்டத்துக்கு டிக்கெட் எடுக்க வேண்டுமென்றால், வேலை பார்க்கும் மருந்துக் கடையில் அவள் மூன்று நாள் கால் கடுக்க நிற்க வேண்டும். டிவியில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் தனிச் சந்தா. அதனால் வகுப்பில் நாலு பேர் சேர்ந்து, ஸ்டேடியத்திலேயே விலை குறைந்த சீசன் கார்டு ஒன்றை வாங்கினார்கள். கார்டில் போட்டோ கிடையாது. ஒருவர் உள்ளே போவார். மற்ற மூவரும் மதிலுக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, அவர் போனில் சொல்லச் சொல்லக் கேட்பார்கள்.

முதல் ஆட்டத்துக்கு சைரன் போனான். அவன் தொண்டைக்குப் போனே தேவையில்லை.

இரண்டாவது ஆட்டத்துக்கு நெட்டை. அந்த 62-ஆம் நிமிடக் கோல் அவன் சொன்னதுதான். கீப்பர் தவளை மாதிரி எகிறினானாம். பந்து அவன் விரலில் பட்டு, கம்பத்தில் பட்டு, போகலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே போனதாம். கேட்டவர்கள் குதித்த குதியில், போய்க்கொண்டிருந்த பஸ் ஒன்று இவர்கள் ஏறப்போகிறார்கள் என்று நினைத்து நின்றுவிட்டது.

பிறந்ததிலிருந்து அவள் ஒரு கோலைக்கூட நேரில் பார்த்ததில்லை. இன்று ஒன்று பார்த்தால் போதும். ஒன்றே ஒன்று.

உள்ளே போய், இடத்தைக் கண்டுபிடித்து உட்கார்ந்தாள்.

எழுந்தாள்.

கார்டில் இருந்த எண்ணைப் பார்த்தாள். நாற்காலியில் இருந்த எண்ணைப் பார்த்தாள். தவறு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று வரிசையை முதலிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தாள்.

சரியான இடம்தான்.

எதிரே ஒரு தூண். ஒரு ஆளால் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். கம்பம், வலை, கீப்பர் உட்பட இடது பக்கக் கோலை மொத்தமாக விழுங்கிவிட்டு, ஒன்றும் தெரியாதது போல் கூரையைத் தாங்கிக்கொண்டு நின்றது.

இந்தக் கார்டு மட்டும் ஏன் பாதி விலை என்று இப்போதுதான் விளங்கியது.

வலப்பக்கம் சாய்ந்தால் தூண். இடப்பக்கம் சாய்ந்தால் பக்கத்துக்காரரின் தோள், அதற்கப்பால் தூண்.

நோட்டை எடுத்துப் புரட்டினாள். நெட்டையின் தவளைக் கோல், இடது பக்கம். சைரன் சொன்ன இரண்டு கோலும் இடது பக்கம்.

அவளுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. 62-ஆம் நிமிடமாம். அடிக்கோடு வேறு.

சைரனைக் கூப்பிட்டாள்.

"டேய், என்னடா இது, இங்க ஒரு..."

"ஸ்பீக்கர்ல இருக்க, ரிஜிஸ்டர்." சைரனுக்கு அவ்வளவு மெல்லிய குரல் ஒன்று இருப்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. "மாவு பக்கத்துலதான் நிக்கிறா. அடுத்தது அவ முறை. பாத்துச் சொல்லு."

மாவு நால்வரில் இளையவள். விடிவதற்குள் பேக்கரிக்குப் போய் மாவு பிசைந்து, மதியம் நின்ற இடத்திலேயே தூங்கி, மாலையில் வகுப்புக்கு வருகிறவள். அடுத்த ஆட்டத்துக்கு இப்போதே முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டாள்.

"அக்கா! எப்படிக்கா இருக்கு? புல்லெல்லாம் தெரியுதா?"

"தெரியுது," என்றாள்.

அது பொய்யில்லை. முக்கால்வாசிப் புல் தெரிந்தது.

முப்பத்தேழாவது நிமிடம். இவர்கள் அணிக்காரன் ஒருவன் பந்தை உருட்டிக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனான். திரும்பி வரவில்லை. முன்வரிசை மொத்தமும் எழுந்து நின்றது. கூரை பிய்த்துக்கொண்டு போகும்படி ஒரு சத்தம்.

"அக்கா! என்னாச்சு? எப்படிப் போட்டாங்க? சொல்லுக்கா, சொல்லு!"

ரிஜிஸ்டர் தூணைப் பார்த்தாள். பச்சைப் பெயிண்ட், ஒரு பக்கம் உரிந்திருந்தது. அதை வைத்து என்ன சொல்வது?

"எடது காலு," என்றாள். "பாக்ஸுக்கு வெளிய இருந்து வளைச்சு அடிச்சான், மாவு. கீப்பர் அசையவே இல்ல. அவனே கை தட்டாத குறைதான். மேல் மூலையில, நம்ம வீட்ல ஒட்டடை கட்டுமே, குச்சி எட்டாத அந்த மூலை, நேரா அங்க போய் விழுந்துச்சு."

மாவு போட்ட கூச்சல் போனிலும் கேட்டது. மதிலைத் தாண்டி நேராகவும் கேட்டது.

வெளியே இருந்தவள் அந்தக் கோலைப் பார்த்துவிட்டாள். உள்ளே இருந்தவள்தான் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஸ்பீக்கரை அணைத்துவிட்டு நெட்டை பேசினான்.

"பாவி, ஒட்டடையா? என் தவளையத் தூக்கிச் சாப்பிட்டுட்டியே."

இரண்டாம் பாதியில், நன்றாகத் தெரிந்த வலப்பக்கக் கோலுக்குள் மறந்தும் ஒரு பந்து போகவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள். நிமிடம், கால், மூலை எல்லாவற்றையும் எழுதினாள். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, கீழே இன்னும் இரண்டு வரி சேர்த்தாள்.

நாளை: காலையில் பேக்கரிக்குப் போய் மாவிடம் கார்டைக் கொடுக்க வேண்டும். நல்ல இடம் என்று சொல்ல வேண்டும்.