ஒரே ஒரு கட்டம்

பெயர், முகம், ஊர் எதுவுமே வெளியே தெரியாமல் பேசவும் வாக்களிக்கவும் உதவும் புதிய இணைய புரோட்டோகாலைப் பத்துப் பேர் குழுவின் முன் வைத்தாள் இளவேனில். எல்லோரும் கைதட்டினார்கள்.

தலைவர் மட்டும் தயங்கினார். "எல்லாத்தையும் மறைச்சிடலாம்மா. சாதிக்கு மட்டும் ஒரு கட்டம் விடலாமா? யார்கிட்ட பேசறோம்னு தெரியணும்ல?"

"சீ! இந்தக் காலத்துலயுமா சார்?" மற்ற ஒன்பது பேரும் அவர்மேல் பாய்ந்தார்கள். இளவேனிலுக்குக் கண் கலங்கியது.

அந்த புரோட்டோகாலிலேயே வாக்கெடுப்பு நடந்தது. அவளையும் சேர்த்துப் பதினோரு வாக்குகள்.

சாதிக் கட்டம் வேண்டும்: பத்து. வேண்டாம்: ஒன்று.

"கருமம், யாருங்க அந்தப் பத்துப் பேர்?" என்று பத்துப் பேரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். குழுவிலிருந்த பரிமளா மேடம் வடைத் தட்டை நீட்டினார். "யாருன்னே தெரியலியேம்மா. நீ சாப்பிடு."

இளவேனில் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"புரோட்டோகால் நல்லா வேலை செய்யுது மேடம்" என்றாள்.