புயலுக்கு இடம்

பல்கலைக்கழகக் கணினி மையத்தில் எந்த இயந்திரத்தில் யாருடைய கணக்கு ஓடவேண்டும் என்று தீர்மானிப்பவள் உமையாள். அவசரத்துக்கென்று சில இயந்திரங்களை எப்போதும் சும்மா விட்டுவைப்பாள். “சும்மா நின்னாலும் கரண்ட் தின்னுதேம்மா” என்று இயக்குநர் கடிந்துகொண்டதால், போன வாரம் அவற்றையும் ஆய்வு மாணவன் செபாஸ்டினின் மருந்து ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிட்டாள்.

இன்று காலை புயல் திசை மாறியது. அது எங்கே கரையைக் கடக்கும் என்று கணிக்க வானிலைக்காரர்கள் உடனே இயந்திரங்கள் கேட்டார்கள். ஒன்றுகூடக் காலியில்லை. உமையாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

விஷயம் தெரிந்து செபாஸ்டின் மூச்சிரைக்க ஓடிவந்தான். “நிறுத்திட்டா மொதல்லேருந்து ஆரம்பிக்கணும் மேடம். ரெண்டே நாள்ல முடிஞ்சிரும்.”

“புயல் ரெண்டு நாள் காத்திருக்குமா செபாஸ்டின்?”

அவள் விரல் விசைவரை போய்ப் போய்த் திரும்பியது. கடைசியில் அழுத்தினாள். அவனுடைய கணக்கு நின்று, புயலின் கணக்கு ஓடத் தொடங்கியது.

அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. போய்விடுவான் என்று நினைத்தாள். அவனோ நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“எந்த ஊர்ப் பக்கம்னு எப்ப தெரியும் மேடம்?”

திரையில் இன்னும் கடல் மட்டுமே இருந்தது.